அறிஞர் பெயரைக் கட்டாயம் நிரப்புக



நெடுநாள் அடக்கி வைத்திருந்த சினம் ஒன்றை இன்று இறக்கி வைக்கப் போகிறேன். பொன்மொழிகளைப் பற்றியது. பொன்மொழி மீது யாருக்கையா சினம் வரும் என்று கேட்பீர்கள். என் சினம் பொன்மொழி மீது அன்று. அதன் அடியில் ஒரு கோடு இழுத்து நாம் எழுதுகிறோமே ஒரு பெயர், அதன் மீது.

தமிழ்ப்பள்ளி மாணவர்க்கென ஒரு மின்தொகுப்பு உருவாக்கும் பணியில் எங்கள் வட்டார ஆசிரியர் சிலர் ஈடுபட்டிருக்கிறோம். எழுத்தாக மட்டுமன்றிப் படமாகவும் ஒலியாகவும் காணொலியாகவும் பொன்மொழிகளைத் திரட்டித் தருவது நோக்கம். நல்ல நோக்கமே. ஊதியம் எதிர்பாராமல் இரவில் விழித்திருந்து உழைக்கும் இளைய ஆசிரியர்களை நான் பாராட்டவே செய்கிறேன். என் பங்குக்கு ஐம்பது பொன்மொழிகளைப் பதிவேற்றச் சொன்னார்கள். படிவத்தைத் திறந்தேன். மூன்றே கட்டங்கள். பொன்மொழி, அறிஞர், படம் அல்லது ஒலிக்கோப்பு. இரண்டாம் கட்டத்தின் பக்கத்தில் சிவப்பு நிறத்தில் ஓர் உடுக்குறி. அதை வெறுமையாக விட்டால் 'அறிஞர் பெயரைக் கட்டாயம் நிரப்புக' என்று சொல்லிப் படிவம் அடம்பிடிக்கிறது.

ஐம்பதில் பதினொன்றைத்தான் என்னால் பொய் சொல்லாமல் அந்தப் படிவத்துக்குள் அடைக்க முடிந்தது. மீதி முப்பத்தொன்பதும் என் குறிப்பேட்டிலேயே இருக்கின்றன. படிவத்தை மாற்றுங்கள் என்று கேட்டேன். "பிள்ளைகளுக்கு எதுக்கு சார் இவ்வளவு குழப்பம்? ஒரு பேரைப் போட்டு விடுங்க" என்றார் குழுத் தலைவர். இந்தக் கட்டுரை அவருக்கான விடை. அவர் என் நண்பர். படித்துவிட்டு என்னோடு தேநீர் அருந்த வருவார் என்று நம்புகிறேன்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நான் படித்தது கெடாவில் ஒரு தோட்டப்பள்ளி. எங்கள் நான்காம் ஆண்டு ஆசிரியர், கணக்கில் தவறு செய்துவிட்டுக் கேள்வி கடினம் என்று முணுமுணுக்கும் பையன்களைப் பார்த்து, மங்கைத் துடைக்காதவன் மரத்தைக் குறை சொல்லக் கூடாது என்பார். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அதற்கு உரை தேவைப்படவில்லை. பட்டணத்துப் பெற்றோருக்காகச் சொல்கிறேன்: பால்மரத்தைச் சீவுவதற்கு முன், நேற்றைய பால் உறைந்து ஒட்டியிருக்கும் மங்கைத் துடைத்தெடுக்க வேண்டும். துடைக்காமல் மரத்தைச் சீவினால் புதுப்பாலும் கெடும். பிறகு மரம் நல்ல பால் தரவில்லை என்று புலம்புவதில் பயனில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பயிலரங்கிற்காகக் கையேடு தயாரித்தபோது இந்த வாக்கியத்தைச் சேர்க்க விரும்பினேன். கையேட்டின் அமைப்பும் இதே போலத்தான்: இடப்பக்கம் பொன்மொழி, வலப்பக்கம் அறிஞர். என் ஆசிரியர் அறிஞரா? அவர் நூல் எழுதியவர் அல்லர். மேடை கண்டவர் அல்லர். ஒரு பழைய மிதிவண்டியும் ஒரு பிரம்பும் தவிர வேறு அடையாளம் இல்லாதவர். பாரதியார், விவேகானந்தர், தாகூர் என்று இறங்கிவரும் பட்டியலில் அவர் பெயரை எழுத என் கை கூசியது. 'ஓர் அறிஞர்' என்று எழுதிவிட்டு நகர்ந்தேன்.

சென்ற ஆண்டு எங்கள் புலனக் குழு ஒன்றில் காலை வணக்கத்தோடு ஒரு படம் வந்தது. மூங்கில் காடு, சூரிய உதயம், வெண்தாடி முதியவர் ஒருவர். 'பாத்திரத்தைத் துடைக்காதவன் மரத்தைக் குறை சொல்லக் கூடாது.' அடியில் கோடு. கன்பூசியஸ்!

கன்பூசியஸ் மறைந்தது கி.மு. 479இல். பால்மரக் கன்றுகள் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் வந்து சேர்ந்தது 1877இல். அந்தப் பெரியவர் எந்த மரத்தில் எந்தப் பாத்திரத்தைக் கட்டினாரோ! மங்கு பாத்திரமாகியதும் வாக்கியத்தின் பொருளே போய்விட்டது. ஆனாலும் குழுவில் இருபது பேர் கைகூப்பினார்கள். என் கையேட்டிலிருந்துதான் அது புறப்பட்டது என்று அடித்துச் சொல்ல எனக்குச் சான்றில்லை. என் ஆசிரியரிடம் படித்தவர்கள் பலர் உண்டு. ஆனால், பெயரில்லாத கட்டத்தை நான் திறந்து போட்டேன். பெரிய பெயர் ஒன்று வந்து குடியேறிவிட்டது. எங்கள் தோட்டத்தின் வாக்கியம் ஒன்று சீன நாட்டுக்கு ஏற்றுமதியாகித் திரும்பி வந்து எனக்கே வணக்கம் சொன்னது.

ஆகவே அந்தச் சிவப்பு உடுக்குறியைச் சிறு தொழில்நுட்பச் செய்தியாக என்னால் கருத முடியவில்லை. பெயர் தெரியாதவரைப் பெயர் எழுதச் சொல்லிக் கட்டாயப்படுத்தினால் அவர் என்ன செய்வார்? காதில் விழுந்த பெரிய பெயரை எழுதுவார். நமது ஆசிரியர் அறைச் சுவர்களையே பாருங்கள். மீனை மரமேறச் சொல்லி மதிப்பிட்டால் அது வாழ்நாளெல்லாம் தன்னை முட்டாளென்றே எண்ணும் என்ற வாசகம் தொங்காத பள்ளி உண்டா? அடியில் ஐன்ஸ்டைன், கலைந்த தலைமுடியுடன். 1955இல் மறைந்த அவருடைய எழுத்திலோ பேச்சிலோ அந்த மீன் இதுவரை அகப்படவில்லை. கல்வி என்பது வாளியை நிரப்புவதன்று, நெருப்பை மூட்டுவது என்பதை அயர்லாந்துக் கவிஞர் யேட்ஸின் கூற்றாக, பயிற்சிக் கல்லூரியில் என் இடுபணியின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன். விரிவுரையாளர் சரியென்று குறியிட்டார். யேட்ஸ் அப்படிச் சொன்னதற்குச் சான்று இல்லை என்பதும், அதனை ஒத்த கருத்து பழங்கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க்கிடம் இருக்கிறது என்பதும் பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. உன் கருத்தை நான் ஏற்காவிட்டாலும் அதைச் சொல்லும் உன் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன் என்று வால்டேர் சொன்னதாக நம் சொற்போர் மேடைகளில் முழங்காத மாணவர் இல்லை. வால்டேர் 1778இல் மறைந்தார். அந்தச் சொற்கள் ஈவ்லின் பியாட்ரிஸ் ஹால் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி, எஸ்.ஜி.டாலன்டைர் என்னும் புனைபெயரில் 1906இல் வெளியிட்ட நூலில் வால்டேரின் மனப்போக்கை விளக்க எழுதியவை. எழுதியவர் ஒரு பெண். பெயர் பெற்றவர் ஓர் ஆண். நூற்றாண்டு கடந்தும் இதுதான் நிலை. நம் அப்துல் கலாம் அவர்களோ, 2015 ஜூலை 27இல் மறைந்த பிறகும் புலனத்தில் நாள்தோறும் புதுப் பொன்மொழி வெளியிட்டுக்கொண்டிருக்கிறார்.

எல்லாமே பொய் என்று நான் சொல்லவில்லை. கல்வியே உலகை மாற்றும் வலிமைமிக்க ஆயுதம் என்று நெல்சன் மண்டேலா 2003 ஜூலை 16 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் ஆற்றிய உரையில் சொன்னார். நாள் இருக்கிறது, இடம் இருக்கிறது. ஆனால் நம் படிவத்தில் அந்த நாளையும் இடத்தையும் எழுதக் கட்டம் இல்லை! மெய்யான மண்டேலாவும் கற்பனையான கன்பூசியஸும் ஒரே வரிசையில், ஒரே எழுத்துருவில், ஒரே மதிப்போடு நிற்பார்கள். பார்க்கும் குழந்தை எப்படிப் பிரித்தறியும்?

காந்தியடிகளின் நிலை இன்னும் நுட்பமானது. உலகில் காண விரும்பும் மாற்றமாக நீயே இரு என்னும் சொற்கள் அவர் எழுத்தில் இல்லை. ஆனால் நம்மை நாம் மாற்றிக்கொண்டால் உலகின் போக்கும் மாறும் என்னும் கருத்தை 1913இல் 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் அவர் எழுதியிருக்கிறார். இதற்கு என்ன செய்வீர்கள்? காந்தி என்று எழுதினால் பாதிப் பொய். எழுதாவிட்டால் பாதி மறைப்பு. 'கருத்து இவருடையது, சொற்கள் பிறருடையவை' என்று குறிக்க ஒரு வழி வேண்டாமா?

எழுத்துக்கே இத்தனைச் சிக்கல் என்றால் ஒலியும் காணொலியும் சேரும்போது என்ன ஆகும்? 1958இல் வெளிவந்த 'நாடோடி மன்னன்' படத்தில், உறங்கிக் கிடக்கும் தம்பியைத் தட்டி எழுப்பும் பாடலை எங்கள் பள்ளியின் தன்முனைப்பு முகாமில் ஆண்டுதோறும் ஒலிபரப்புகிறோம். எம்.ஜி.ஆர். பாட்டு என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். வாயசைத்தவர் அவர். குரல் டி.எம்.சௌந்தரராஜனுடையது. இசை எஸ்.எம்.சுப்பையா நாயுடு. அந்தச் சொற்களைத் தன் உழைப்பு வாழ்க்கையிலிருந்து உருக்கி எடுத்தவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். படம் வந்த மறு ஆண்டே, முப்பது வயதைக்கூட எட்டாமல் மறைந்துபோனவர். 'அறிஞர்' என்ற ஒற்றைக் கட்டத்தில் இந்த நால்வரில் யாரை எழுதுவது? படம் பெரிதாகத் தெரிபவரைத்தான் எழுதுவார்கள். சிவாஜி கணேசனின் பெயரில் உலவும் 'பராசக்தி' நீதிமன்றக் காட்சியின் சொற்கள் 1952இல் மு.கருணாநிதி எழுதியவை. நடித்தவரின் பெருமையை நான் குறைக்கவில்லை. அவருக்கு ஒரு கட்டம், எழுதியவருக்கு ஒரு கட்டம் என்றுதான் கேட்கிறேன். இப்போதோ கணினி, மறைந்தவர்களின் குரலைப் போலவே பேசிக் காட்டுகிறது. எங்கள் தொகுப்பிலேயே அப்படி இரண்டு ஒலிக்கோப்புகள் சேர்ந்துவிட்டன. அது செயற்கைக் குரல் என்று சொல்லவும் நம்மிடம் ஓர் இடமில்லை.

படமும் அப்படித்தான். இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன், வகுப்பில் தொங்கும் திருவள்ளுவரைக் காட்டி, "ஐயா, இந்தப் படத்தை யார் எடுத்தது?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எத்தனை சரியான கேள்வி! வள்ளுவரின் முகத்தை எவரும் அறியார். நாம் இன்று வணங்கும் அந்தத் தோற்றம் ஓவியர் கே.ஆர்.வேணுகோபால் சர்மா மனத்தில் கண்டு தீட்டியது; 1964இல் சென்னைச் சட்டமன்றத்தில் திறந்து வைக்கப்பட்டது. அன்று அவனுக்கு இதைச் சொன்னபோது, "அப்படீன்னா அவர் பேரு எங்க ஐயா?" என்று படத்தின் நான்கு மூலையிலும் தேடினான். இல்லை. கீழே இருந்த குறள் விளக்கத்துக்கும் அதே கதைதான். 'வள்ளுவர் கூறுகிறார்' என்று தொடங்கிய அந்த உரைநடை மு.வரதராசனாருடையது. ஏழு வயதுப் பையன் கேட்கிறான். பிள்ளைகளுக்குக் குழப்பம் என்று நாற்பது வயதுக்காரர்கள் சொல்கிறோம்.

இதெல்லாம் மேலைநாட்டு ஆய்வு முறை, நமக்கு எதற்கு என்று ஒருவர் கேட்டார். அவருக்காகவே சற்று விரித்துச் சொல்கிறேன், ஏனெனில் இதில் நம் முன்னோரைப் போல் நேர்மையாக நடந்தவர்கள் அரியர். புறநானூற்றைத் திறந்து பாருங்கள். பாட்டின் அடியில் ஒரு குறிப்பு இருக்கும்: திணை எது, துறை எது, பாடியவர் யார், பாடப்பட்டவர் யார். சில இடங்களில் சூழலும் இருக்கும். முரசு கட்டிலென்று அறியாமல் ஏறி உறங்கிவிட்ட மோசிகீரனாரைத் தண்டிக்காமல், அவர் விழிக்கும்வரை சேரமான் கவரி வீசி நின்றான் என்ற செய்தி ஐம்பதாம் பாட்டின் குறிப்பில்தான் விளக்கமாக நிற்கிறது. ஒற்றைக் கட்டத்தை வைத்திருந்தால் 'மோசிகீரனார்' என்ற பெயர் மட்டும் எஞ்சியிருக்கும்.

பெயர் தெரியாதபோது அவர்கள் என்ன செய்தார்கள்? கபிலர் பெயரையோ பரணர் பெயரையோ தூக்கி ஒட்டியிருக்கலாம், கேட்பார் யார்? அவர்கள் ஒட்டவில்லை. பாட்டுக்குள்ளிருந்தே ஒரு தொடரை எடுத்துப் பெயராக்கினார்கள். செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவனார், தேய்புரிப் பழங்கயிற்றினார். 'இவர் பெயர் எமக்குத் தெரியாது, இவர் பாட்டு தெரியும்' என்பதை இதைவிட அழகாக யார் சொல்ல முடியும்? சில பாட்டுகளைப் பெயரின்றியே விட்டும் வைத்தார்கள். தொகுத்தவர் வேறு, தொகுப்பித்தவர் வேறு என்றும் பிரித்தார்கள். குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ. தொகுப்பித்தவர் பெயர் இல்லை. நற்றிணையைத் தொகுப்பித்தவர் பன்னாடு தந்த மாறன் வழுதி. தொகுத்தவர் பெயர் இல்லை. புறநானூற்றுக்கு இரண்டுமே இல்லை. இல்லாத இடத்தில் இட்டுக்கட்டி நிரப்பாமல் நம் கைக்குத் தந்து சென்றார்கள். சிவப்பு உடுக்குறி வைத்த படிவம் அன்று இருந்திருந்தால், செம்புலப்பெயல்நீரார் என்ற பெயரே பிறந்திராது, எல்லாம் கபிலர்தான்!

படிவத்தைப் பற்றி என் வேண்டுகோள் பெரிதன்று. 'அறிஞர்' என்னும் தலைப்பை முதலில் நீக்குங்கள். அந்தச் சொல்தான் என் ஆசிரியரை வெளியே நிறுத்தியது. அதற்குப் பதில் ஒரு பெயரும், அந்தப் பெயருக்குரிய பங்கும் என்று இணை இணையாகச் சேர்க்க வழி செய்யுங்கள்: சொன்னவர், எழுதியவர், மொழிபெயர்த்தவர், உரை சொன்னவர், பாடியவர், நடித்தவர், வரைந்தவர், பரப்பியவர். ஒரு பொன்மொழிக்கு ஓர் இணையும் இருக்கலாம், ஆறும் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். பழமொழிக்கு யாரை எழுதுவது? குலம் ஒன்று, தேவன் ஒருவன் என்னும் முழக்கத்துக்கு அண்ணாவா, திருமூலரா என்று ஆசிரியர் அறையில் சண்டை வேண்டியதில்லை. எழுதியவர் திருமூலர், தம் இயக்கத்தின் முழக்கமாக்கிப் பரப்பியவர் அண்ணா, இருவரும் சரி. 'ஔவையார்' என்று எழுதினால் எந்த ஔவையார் என்று படிவம் திருப்பிக் கேட்க வேண்டும். அதியமானிடம் நெல்லிக்கனி பெற்றவரும் ஆத்திசூடி தந்தவரும் ஒருவரல்லர் என்பது நம் மாணவர் பலருக்கு இன்னும் தெரியாது. பாரதியாரின் புதிய ஆத்திசூடியையும் ஔவையார் கணக்கில் எழுதும் விடைத்தாள்களை நான் திருத்திக்கொண்டுதான் இருக்கிறேன்.

தவறான பெயரை அழித்துவிடவும் வேண்டாம். மீன் வாசகத்தைத் தேடும் குழந்தை ஐன்ஸ்டைன் என்றுதான் தட்டச்சு செய்யும். அங்கே ஒன்றும் இல்லையென்றால் வேறிடத்தில் போய்ப் பொய்யையே எடுத்துக்கொள்ளும். 'ஐன்ஸ்டைன் பெயரில் வழங்குவது. அவர் சொன்னதற்குச் சான்றில்லை' என்ற குறிப்போடு அங்கேயே காத்திருக்கட்டும்.

நேரத்தைப் பற்றிய மறுப்பை மட்டும் நான் மதிக்கிறேன். இணையப் பதிவு, மதிப்பீடு, கூட்டம், அறிக்கை என்று ஏற்கெனவே மூச்சு முட்டும் ஆசிரியர் இன்னும் எட்டுக் கட்டங்களை நிரப்புவாரா? நிரப்ப மாட்டார். நானும் மாட்டேன். ஆகவே எட்டும் விருப்பத்துக்குரியவையாக இருக்கட்டும். கட்டாயம் என்று ஒன்றே ஒன்று இருக்கட்டும்: 'இதை நீங்கள் எங்கே கண்டீர்கள்?' சொன்னவர் யாரென்று நமக்குத் தெரியாமல் போகலாம். எங்கே கண்டோம் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். நாட்காட்டித் தாளில் கண்டேன், புலனத்தில் வந்தது, என் பாட்டி சொன்னார், இன்ன நூலின் இன்ன பக்கம். பொய் சொல்லத் தேவையில்லாத கேள்வி அது. பின்னால் நேரமுள்ள ஒருவர் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு மேலே போகலாம்.

சொல்தானே முக்கியம், சொன்னவர் யாராயிருந்தால் என்ன என்று கேட்கும் நண்பர்கள் உடனே 423ஆம் குறளை என் மேல் எறிகிறார்கள். எறியட்டும். எவர் வாயிலிருந்து கேட்டாலும் மெய்ப்பொருள் காணச் சொன்னார் வள்ளுவர்; வாயை மாற்றி ஒட்டச் சொல்லவில்லை. அதுவுமன்றி, சொன்னவர் முக்கியமில்லை என்றால் பெயர்க் கட்டத்தையே எடுத்துவிடுங்களேன்! எடுக்க மாட்டீர்கள். 2021இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வே நீங்கிவிட்டது, கட்டுரையின் முதல் வரியில் ஒரு பொன்மொழியும் ஒரு பெயரும் வேண்டும் என்று நாம் பழக்கிய பழக்கம் நீங்கவில்லை. மேற்கோள் கிடைக்காத மாணவி ஒருத்தி தானே ஒரு நல்ல வாக்கியம் எழுதி, அடியில் விவேகானந்தர் என்று போட்டிருந்தாள். ஏனம்மா என்றேன். "என் பேரைப் போட்டா புள்ளி கிடைக்காதே ஐயா" என்றாள். அவளுக்கு அதைக் கற்பித்தது யார்?

சென்ற மாதம் அந்தத் தோட்டத்துப் பக்கம் போயிருந்தேன். மரங்கள் இருந்த இடத்தில் வீடமைப்புத் திட்டம் எழும்பிவிட்டது. என் ஆசிரியர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. பக்கத்து ஊரில் அவருடைய மகளைத் தேடிக் கண்டேன். கையேட்டில் நான் செய்த பிழையைச் சொல்லி, இம்முறை ஐயாவின் பெயரைப் பதிவு செய்ய இசைவு கேட்டேன். அந்த அம்மையார் சிரித்துக்கொண்டே, "அது அப்பா சொன்னது இல்லீங்க சார். எங்க அப்பாயி சொல்றது. அப்பா சின்ன வயசுல மங்கு துடைக்கக் கூடப் போவாரு, அப்ப அவருக்குச் சொன்னது" என்றார். அப்பாயிக்கு யார் சொன்னார் என்பது அவருக்குத் தெரியவில்லை. பெயர் கேட்டேன், சொன்னார்.

ஆகவே என் குறிப்பேட்டின் ஏழாம் பதிவில் இப்போது மூன்று வரிகள் இருக்கின்றன. பள்ளியில் சொன்னவர், என் ஆசிரியர். அவருக்குச் சொன்னவர், அவருடைய தாயார், பால்மரம் வெட்டியவர். எங்கே கண்டது: வகுப்பறையில், நான்காம் ஆண்டில், என் காதால். கன்பூசியஸைப் பற்றியும் ஓர் அடிக்குறிப்பு எழுதிவிட்டேன். நேற்றிரவு இதைப் படிவத்தில் ஏற்றப் பார்த்தேன். சிவப்பு எழுத்தில் அதே வரி வந்தது. சனிக்கிழமை குழுக் கூட்டம். குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு போகிறேன்.